மரண ரயில் பாதைக்கு வார இறுதிப் பயணம்

பாங்காக்கிலிருந்து சுமார் 130 கி.மீ. மேற்கே காஞ்சனபுரி. 1942-43இல் ஜப்பானியப் படை போர்க்கைதிகளையும் தொழிலாளர்களையும் வைத்துப் போட்ட தாய்லாந்து-பர்மா ரயில் பாதைதான் ‘மரண ரயில் பாதை’. அதை நண்பர்களோடு பார்க்கச் சில குறிப்புகள்:

● தாய்லாந்திலும் சாலையின் இடப்பக்கமே ஓட்டவேண்டும். சர்வதேச ஓட்டுநர் உரிமத்தை ஊரிலேயே வாங்கிவிடுங்கள். வண்டி ஓட்டுவதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

● முதல் நாள் குவாய் நதிப் பாலம். வளைந்த இரும்புச் சட்டங்கள் பழையவை. நடுவில் வளைவில்லாமல் கோண வடிவில் இருப்பவை குண்டுவீச்சுக்குப் பின் மாற்றப்பட்டவை. ரயில் வந்தால் பாலத்தின் ஓர மேடைகளில் ஒதுங்கி நில்லுங்கள்.

● மறுநாள் காலையிலேயே ஹெல்ஃபயர் கணவாய்க்குக் கிளம்புங்கள். காஞ்சனபுரியிலிருந்து சுமார் 80 கி.மீ. கைதிகள் உளியும் சுத்தியலும் கொண்டு குடைந்த பாறை அது. படிகள் அதிகம், பிடிப்புள்ள காலணி, தண்ணீர், தொப்பி அவசியம். அருங்காட்சியகத்துக்கு அனுமதி இலவசம்.

● காஞ்சனபுரி போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 போர்க்கைதிகள் துயில்கிறார்கள். கல்லறைகள் மீது சாயாதீர்கள். சிரித்து செல்ஃபி எடுக்காதீர்கள்.

● மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும் இந்தப் பாதையில் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இங்கே இல்லை. கிளம்பும் முன் அவர்கள் வரலாற்றைப் படித்துவிட்டு, அவர்களுக்காகவும் ஒரு நிமிடம் மௌனமாக நில்லுங்கள்.