நாள்தோறும் ஒரு பதிகம்

ஓய்வு வாய்க்கும்போது பாராயணம் செய்வோம் என்று தள்ளிவைக்கும் இல்லறத்தாருக்கு அவ்வோய்வு வாய்ப்பதேயில்லை. நம்மாழ்வார் அருளிய திருவாய்மொழி 1102 பாசுரங்கள் கொண்டது என்றதுமே மலைப்பு உண்டாகிறது. ஆயின் அது 100 பதிகங்களாக அமைந்துள்ளது. ஒரு பதிகத்தில் பெரும்பாலும் 11 பாசுரங்களே உள.

நாளொன்றுக்கு ஒரு பதிகம் ஸேவிப்பவர் 100 நாட்களில் முழுவதையும் நிறைவு செய்வார். ஓராண்டில் மும்முறை ஸேவித்தவராவார். காலையில் நீராடியபின், அலுவலுக்குப் புறப்படுமுன், நாள்தோறும் ஒரே இடத்தில் அமர்வது நலம். ஒருநாள் தவறினால் மறுநாள் இரண்டாகச் சுமக்க வேண்டா. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். சுமையாகிவிட்டால் பழக்கமே அறுந்துவிடும்.

'ஆராவமுதே' என்னும் ஒரு பதிகத்தைச் செவியுற்றன்றோ ஸ்ரீமந் நாதமுனிகள் நாலாயிரத்தையும் தேடிப் பெற்றார் என்று குருபரம்பரை கூறும். ஆதலின் ஒரு பதிகம் சிறிதன்று.