பூச்சி பிடிக்கும் செடி பூனையைப் பிடிக்குமா?

கேள்வி: டாக்டர், கல்லூரியில் படிக்கும் என் மகள் ஆசைப்பட்டு ‘வீனஸ் ஃப்ளைட்ராப்’ என்ற செடியை வாங்கி ஜன்னலோரம் வைத்திருக்கிறாள். ஈ உட்கார்ந்தால் இலை வாயைப் போல மூடிக்கொள்கிறது. வீட்டில் இரண்டு பூனைகள் இருக்கின்றன. அதில் சின்னது, எதைப் பார்த்தாலும் காலால் தட்டும், கடித்தும் பார்க்கும். செடி அதன் காலைப் பிடித்துவிடுமா? தின்றால் விஷமா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: பயப்படாமல் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் செடி பூனைக்கு நஞ்சில்லை. அமெரிக்காவின் ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்கு நல அமைப்பும் பூனை, நாய் இரண்டுக்கும் நஞ்சற்ற செடிகளின் பட்டியலில்தான் இதைச் சேர்த்திருக்கிறது.

காலைப் பிடிக்கும் என்ற பயமும் வேண்டாம். இலையின் உட்புறத்தை உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு மடலிலும் மூன்று நான்கு மெல்லிய முடிகள் தெரியும். சுமார் 20 விநாடிக்குள் இரண்டு முறை அவை தீண்டப்பட்டால்தான் பொறி மூடும். உள்ளே பூச்சி தொடர்ந்து துடித்தால்தான் செரிமான நீரே சுரக்கும். பூனை தட்டினால் வெறுமனே மூடி, ஒரு நாள் போலக் கழித்துத் திறந்துகொள்ளும். தோலைக் கீறும் வலுகூட அதற்குக் கிடையாது.

கடித்துத் தின்றால், எந்த இலையைத் தின்றாலும் வருவதுபோல ஓரிரு முறை வாந்தி வரலாம். அதோடு சரியாகிவிடும். வாந்தி நிற்காமல் போனாலோ, பூனை சாப்பிடாமல் சோர்ந்து படுத்தாலோ மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புத் தண்ணீர் மட்டும் புகட்டாதீர்கள், அதுவே ஆபத்து.

உண்மையில் பாவம், அந்தச் செடிதான். ஒரு பொறி சில தடவைதான் மூடித் திறக்கும், பிறகு கருகிவிடும். பூனை விளையாட்டாகத் தட்டத் தட்ட, இரை இல்லாமலே செடியின் சக்தி வீணாகும். அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களில், சத்தே இல்லாத ஈர மணலில் வளர்ந்து பழகிய செடி இது. உப்பு ஆகாது. போர்வெல் தண்ணீரே அதைக் கொன்றுவிடும் என்றால், தொட்டி மண்ணில் பூனை சிறுநீர் கழித்தால் என்ன ஆகும்! மழைநீரோ டிஸ்டில்டு வாட்டரோ ஊற்றுங்கள். உரம் வேண்டாம், பூச்சிமருந்தும் வேண்டாம். நல்ல வெயில் படும், பூனை தாவ முடியாத இடத்தில் வையுங்கள். மகள் அடுத்து, இதேபோல் பூச்சி பிடிக்கும் ஜாடிச் செடி கேட்டால் அதையும் வாங்கலாம்; தொங்கவிட்டு வளர்ப்பது என்பதால் இன்னும் வசதி.

நான் கவலைப்படுவது வேறு செடிகளைப் பற்றி. லில்லிப் பூவின் மகரந்தம் ரோமத்தில் ஒட்டி, பூனை அதை நக்கினாலே போதும், ஓரிரு நாளில் சிறுநீரகம் செயலிழந்துவிடும். அந்தப் பூச்சாடித் தண்ணீரும் அப்படித்தான். விசேஷங்களில் கொடுக்கும் பொக்கேயில் லில்லி இருந்தால் வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். உங்கள் பக்கம் மூலனூர், தாராபுரத்தில் பயிரிடும் கண்வலிக்கிழங்கு, அதாவது நம் மாநில மலரான செங்காந்தள், கிழங்கிலிருந்து விதைவரை கொடிய நஞ்சு. மணிபிளாண்ட் உயிரைக் கொல்லாது. ஆனால் கடித்தால் வாய் எரிந்து எச்சில் ஒழுகும்.

பூனை லில்லியைத் தொட்டது தெரிந்தால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நிமிடமே கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.