புதிய விலங்கினங்களும் மூலமாதிரியும்

இதற்குமுன் எவரும் அறிந்திராத ஒரு பிராணி காட்டிலோ கடலிலோ அகப்பட்டது என்னும் செய்தி பத்திரிகைகளில் வெளிவரும்போது, கண்டுபிடிப்பு அத்துடன் முடிவுற்றதாகப் பொதுமக்கள் எண்ணுவது இயல்பே. உண்மையில் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. கிடைத்தது புதிய இனந்தானா, அல்லது முன்னரே பெயர் பெற்ற ஓர் இனத்தின் குஞ்சோ, பெட்டையோ, நிறம் மாறிப் பிறந்த தனி உருவமோ என்பதை முதலில் நிர்ணயிக்க வேண்டும். இதன்பொருட்டு, நெருங்கிய இனங்களைப் பற்றி எந்நாட்டில், எம்மொழியில், எக்காலத்தில் எழுதப்பட்ட விவரணையாயினும் அதனைத் தேடிப் படித்தல் அவசியம். அவற்றின் உடல்கள் எந்தக் காட்சிச்சாலைகளில் உள்ளன என்றறிந்து, பல்லையும் செதிலையும் இறகையும் எலும்பையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு நோக்கவும் வேண்டும். காட்டில் ஒரு நாளில் கிடைத்த பொருளுக்கு மேசையருகில் பல ஆண்டுகள் செலவாவதுண்டு.

ஒவ்வோர் இனத்துக்கும் இரு சொற்களாலான பெயர் வழங்குகிறது. முதற் சொல் பேரினத்தையும், இரண்டாவது சொல் இனத்தையும் குறிக்கும். ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் பத்தாம் பதிப்பே விலங்குகளின் பெயரீட்டுக்குத் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. ஒரே இனத்துக்கு இருவர் வெவ்வேறு பெயரிட்டிருப்பின் முந்தியதே பொதுவாக நிலைக்கும். இத்தகைய விதிகளைச் சர்வதேச விலங்கியல் பெயரீட்டு ஆணையம் தொகுத்து வெளியிட்டு வருகிறது. அத்தொகுப்பின் நான்காம் பதிப்பு 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. புதிய இனத்தை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் விவரணை அச்சில் வெளிவர வேண்டும் என்பது இவ்விதிகளுள் ஒன்று. 2012-ஆம் ஆண்டு முதல், உரியவாறு பதிவு செய்யப்பட்ட மின்வெளியீடும் ஏற்கப்படுகிறது. பெயர் எந்த ஒரு பொருளைச் சார்ந்து நிற்கிறதென்பதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்பது மற்றொரு விதி. அப்பொருளே மூலமாதிரி எனப்படும்.

மூலமாதிரி என்றவுடன், அவ்வினத்தின் குணங்களெல்லாம் செம்மையாக அமைந்த உதாரண உடல் என்று கருதுவோர் உளர். அது அவ்வாறன்று. அது வாலறுந்த பல்லியாகவும் இருக்கலாம், வளர்ச்சி முற்றாத எலியாகவும் இருக்கலாம். அதன் பணி வேறு. நிலப்பத்திரத்தில் நான்கு எல்லைகளையும் எவ்வளவு விரிவாக எழுதி வைத்தாலும், வழக்கு எழும்போது அளவையாளர் நிலத்தில் நட்ட கல்லையே தேடிச் செல்கிறார். விவரணை பத்திரம்; மூலமாதிரி கல். எழுதியவர் கவனியாது விட்ட ஒரு வேறுபாடு நூறாண்டு கழித்து முக்கியமானதாகத் தோன்றினால், அவருடைய சொற்களைத் திரும்பத் திரும்பப் படிப்பதால் பயனில்லை. அந்த உடலை எடுத்துப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

விவரணை இருந்தும் பெயர் ஏற்படாமற்போன ஒரு நிகழ்ச்சி நம் நாட்டிலேயே உண்டு. இந்திய விலங்கியல் ஆய்வுத்துறை 1916-ஆம் ஆண்டில் தோன்றியபோது அதன் முதல் இயக்குநராக அமர்ந்த நெல்சன் அனண்டேல், தென்னிந்திய மலைகளிற் கிடைத்த சில தலைப்பிரட்டைகளைப் பற்றி 1918-ஆம் ஆண்டில் எழுதினார். அவற்றுள் ஒன்று, உறிஞ்சும் வாயினால் பாறையைக் கவ்விக்கொண்டு விரைந்தோடும் அருவிநீரில் வாழ்வது. அது வளர்ந்தால் எந்தத் தவளையாகும் என்பது விளங்கவில்லை. எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2003-ஆம் ஆண்டில், எஸ். டி. பிஜு, பிராங்கி பொசூயித் ஆகிய இருவரும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலிருந்து விந்தையான ஒரு தவளையை விவரித்தனர். ஊதா நிறமும், உப்பிய உடலும், கூரிய மூக்கும் உடைய அத்தவளை ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியிற் கழித்து, மழைக்காலத் தொடக்கத்தில் இனப்பெருக்கத்துக்காகச் சில நாட்களே வெளிவருவது. நாசிகபத்ராகஸ் சஹ்யாத்ரென்சிஸ் என்று அதற்குப் பெயரிட்டனர். நாசிகை என்னும் வடசொல்லும், தவளையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும், சஹ்யாத்ரி மலையும் அப்பெயரில் கலந்துள்ளன. அதன் நெருங்கிய உறவினத் தவளைகள் இந்துமகா சமுத்திரத்திலுள்ள ஷேஷெல்ஸ் தீவுகளில் வாழ்வன என்று மரபணுச் சோதனை காட்டிற்று. ஆதலின் புதிய இனத்துக்கு மட்டுமன்றிப் புதிய குடும்பத்துக்கே பெயரிட நேர்ந்தது. அனண்டேலின் தலைப்பிரட்டை இதன் குழந்தைப் பருவமே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. மலைவாழ் மக்கள் சிலர் அத்தலைப்பிரட்டையை நெடுங்காலமாக உணவாகவே கொண்டு வந்துள்ளனர். ‘புதிய’ என்னும் சொல் விஞ்ஞான ஏடுகளுக்கே பொருந்தும்.

இக்கதை அங்கும் முடியவில்லை. தமிழ்நாட்டில் ஸ்ரீவில்லிபுத்தூரையடுத்த மலைச்சரிவில் கிடைத்த தவளையை இடுக்கித் தவளையோடு ஒப்பிட்டு நோக்கியதில், அது தனி இனமென முடிவு செய்யப்பட்டு, 2017-ஆம் ஆண்டில் நாசிகபத்ராகஸ் பூபதி என்ற பெயரைப் பெற்றது. ஊர்வன ஆராய்ச்சியில் உழைத்து மறைந்த எஸ். பூபதி அவர்களின் நினைவாக இப்பெயர் அமைந்தது. மலையின் மேற்குப்புறத்து இனம் தென்மேற்குப் பருவமழையிலும், கிழக்குப்புறத்து இனம் வடகிழக்குப் பருவமழையிலும் முட்டையிடுகின்றன. முந்தைய இனத்தின் மூலமாதிரி எங்கே, எந்த நாளில் எடுக்கப்பட்டதென்ற குறிப்பு இல்லாதிருப்பின், இவ்விரண்டில் எதற்குப் பழைய பெயர் உரியதென்று கூறுதல் கடினமாகியிருக்கும்.

உடலைக் காட்டிலும் அதனோடு கட்டிய சிறு சீட்டு முக்கியமானது என்று சொல்வது மிகையாகாது. இடம், நாள், எடுத்தவர் பெயர் ஆகியவை அதில் இருக்கும். சீட்டுப் பொய்த்தால் என்ன ஆகும் என்பதைக் காட்டு ஆந்தையின் வரலாறு காட்டுகிறது. மத்திய இந்தியக் காடுகளைச் சேர்ந்த இச்சிற்றாந்தையை ஹியூம் 1873-ஆம் ஆண்டில் விவரித்து, அதனைச் சேகரித்த பிளெவிட் என்பவரின் பெயரைச் சூட்டினார். அதன் பின்னர் ஒரு சில உடல்களே கிடைத்தன. 1884-ஆம் ஆண்டுக்குப் பிறகு ஐயத்துக்கிடமற்ற சான்று எதுவுமில்லை. எனினும் மைனர்ட்ஸ்ஹாகன் என்னும் ஆங்கிலப் படையதிகாரியின் சேகரிப்பில் ஓர் உடல் இருந்தது. 1914-ஆம் ஆண்டில் குஜராத்தைச் சார்ந்த மாண்ட்வியில் எடுக்கப்பட்டதாக அதன் சீட்டுக் கூறிற்று. பமேலா ராஸ்முசென், நைஜல் காலர் ஆகியோர் அவ்வுடல் தயாரிக்கப்பட்ட முறையை உன்னிப்பாக ஆராய்ந்தனர். அது பல்லாண்டுகட்கு முன் டேவிட்சன் என்பவர் எடுத்த உடலென்றும், காட்சிச்சாலையிலிருந்து திருடப்பட்டு மறுபடி பஞ்சடைக்கப்பட்டுப் புதிய சீட்டுப் பெற்றதென்றும் 1999-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பொய்யான இடத்தை நீக்கி, பழைய சீட்டுகள் காட்டிய இடங்களில் தேடியபோது, 1997-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மகாராஷ்டிரத்தின் ஷஹாதாவுக்கு அருகில் ராஸ்முசெனும் அவருடன் சென்றோரும் அவ்வாந்தையை உயிருடன் கண்டனர். ஏறத்தாழ 113 ஆண்டுகள் அழிந்ததாகக் கருதப்பட்ட பறவை அது. பொய் சொன்னதும் ஒரு சீட்டே; அதனை அம்பலப்படுத்தியது அச்சீட்டைத் தாங்கிய உடல்.

ஆகவே, உடலின்றிப் பெயரில்லை என்னும் கட்டுப்பாடு காட்சிச்சாலையாரின் வெறும் வழக்கமன்று. ஆயினும் இக்கட்டுப்பாடு தோன்றிய காலத்தில் துப்பாக்கிக்குத் தட்டுப்பாடில்லை, பறவைக்கும் தட்டுப்பாடில்லை என்ற எண்ணமே ஓங்கியிருந்தது. எஞ்சியிருப்பவை பத்துப் பதினைந்து என்னும் நிலையில் கண்டுபிடிக்கப்படும் இனத்துக்கு இதே விதியை எவ்வாறு பயன்படுத்துவது? இந்த இக்கட்டு 2006-ஆம் ஆண்டில் இந்தியாவில் நேரடியாக எழுந்தது.

அருணாசலப் பிரதேசத்தின் மேற்குக் காமெங் மாவட்டத்தில் ஈகிள்நெஸ்ட் வனவிலங்குச் சரணாலயம் உள்ளது. அங்கே, 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், ரமணா அத்ரேயா என்னும் வானியல் ஆராய்ச்சியாளர் 1995-ஆம் ஆண்டு ஜனவரியில் இனந்தெரியாத ஒரு பறவையைக் கண்டார். பறவை நோக்குதல் அவருடைய தொழிலன்று, ஈடுபாடு. பத்தாண்டு கழித்து, 2005-ஆம் ஆண்டு ஜனவரியில், அது மீண்டும் அவர் கண்ணிற் பட்டது. சுமார் 22 சென்டிமீட்டர் நீளமும், கரிய உச்சியும், சாம்பல் கலந்த ஒலிவ நிற உடலும், சிறகில் மஞ்சளும் சிவப்பும் வெண்மையும் கலந்த பட்டைகளும் உடையது அப்பறவை. அதனை ஒத்த இனம் ஓராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சீனத்தின் சிச்சுவான் பகுதியில் வாழ்கிறது. ஈகிள்நெஸ்டில் அவரும் நண்பர்களும் தேடி எண்ணியதில் 14 பறவைகளே தென்பட்டன. அவற்றுள் இணை சேர்ந்தவை மூன்று சோடிகள். ஒன்றைக் கொல்வதென்றால் அறியப்பட்ட தொகையில் பதினான்கில் ஒரு பங்கை நீக்குவதாகும். இணைப்பறவையாயின் ஒரு குடும்பமே போய்விடும்.

அத்ரேயா கொல்லாதிருக்கத் தீர்மானித்தார். 2006-ஆம் ஆண்டு மே மாதத்தில் மெல்லிய வலையிற் பறவையைப் பிடித்து, அளந்து, படமெடுத்து, பறக்கவிட்டார். கையாளும்போது உதிர்ந்த இறகுகள் மட்டும் எஞ்சின. அவ்விறகுகளையும், புகைப்படங்களையும், குறிப்புகளையும், பதிவு செய்த குரலையும் ஆதாரமாகக் கொண்டு, லியோசிக்லா புகுனோரம் என்று பெயரிட்டார். ‘புகுன் மக்களுடையது’ என்பது இரண்டாம் சொல்லின் பொருள். சரணாலயத்தை அடுத்து வாழும் பழங்குடியினரே புகுன் மக்கள்.

இதற்கு ஓராண்டு முன், அதே மாநிலத்தின் தவாங் பகுதியில் கண்ட குரங்கொன்றுக்கும் இவ்வகையிலேயே பெயரிடப்பட்டது. அனிந்திய சின்ஹாவும் மூன்று துணையாசிரியர்களும் 2005-ஆம் ஆண்டில் விவரித்த மக்காக்கா முன்ஸாலா அது. மோன்பா மக்களின் மொழியில் முன்ஸாலா என்பது அடர்காட்டுக் குரங்கு என்று பொருள்படும். இங்கே புகைப்படமே ஆதாரம். படத்தைக் குறிப்பிட்டுப் பெயரிட்டால், மூலமாதிரி அப்படமன்று, அதில் உருவம் தெரியும் விலங்கே என்று விதித்தொகுப்பு கூறுகிறது. அதாவது படம் அலமாரியில் இருக்க, மூலமாதிரி காட்டிற் கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருக்கும்! அவ்வினத்துக்கு உரிய சான்றுமாதிரி ஒன்றைப் பற்றிய கட்டுரை பின்னர் 2008-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஸேலா கணவாய்க்கு இப்பாலுள்ள குரங்குகள் மரபணுவில் வேறுபடுவதாகக் கண்டு, இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்தோர் 2022-ஆம் ஆண்டில் மக்காக்கா ஸேலாய் என்னும் மற்றோர் இனத்தை அறிவித்தனர். இனங்கள் இவ்வாறு நெருங்கி நிற்கும் இடத்தில் படத்தைவிட உறுதியான ஆதாரம் தேவைப்படும் என்பது வெளிப்படை.

எதிர்த்தரப்பினர் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சியும் கவனிக்கத்தக்கது. சோமாலியாவின் புலோ புர்ட்டி என்னுமிடத்தில் ஒரேயொரு கரும்பறவை அகப்பட்டது. இரத்தத்தையும் இறகையும் எடுத்துக்கொண்டு, பறவையை உயிருடன் விட்டனர். 1991-ஆம் ஆண்டில் அதற்குத் தனி இனப்பெயர் வழங்கப்பட்டது. 2008-ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வு, அது அப்பகுதியில் முன்னரே அறியப்பட்ட இனமொன்றின் அரிய நிறவேறுபாடே என்று காட்டிற்று. உடல் இல்லாததால் பிழை நேர்ந்தது என்பர் ஒரு சாரார். எஞ்சிய இரத்தமும் இறகுமே பிழையைத் திருத்தின என்பர் மறுசாரார். இரண்டாவது வாதமே வலுவுடையதாகத் தோன்றுகிறது. உடல் முழுவதும் இருந்திருப்பினும், ஒற்றைப் பறவையை வைத்து நிறத்தின் வேறுபாட்டை அளவிட இயலாது. ஆனால் வெறும் படத்தோடு நின்றிருந்தால் அந்தத் திருத்தமும் கிட்டியிராது. கொல்லாமை வேறு, ஒன்றும் எடுத்து வையாமை வேறு.

ஆணையமும் ஏறத்தாழ இந்நிலையையே மேற்கொண்டது. 2017-ஆம் ஆண்டில் அது வெளியிட்ட 45-ஆம் அறிவிப்பு, பாதுகாக்கப்பட்ட உடலின்றிப் பெயரிடுவதைத் தடை செய்யவில்லை. அவ்வாறு பெயரிடுவோர் தக்க காரணத்தை விரிவாக எடுத்துரைக்க வேண்டுமென்று பரிந்துரைத்தது. இந்தியச் சட்டமோ சான்றுமாதிரியை வற்புறுத்துகிறது. 2002-ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி, புதிய இனத்தைக் கண்டுபிடிப்பவர் அதனைக் குறிப்பிட்ட காப்பகத்துக்கு அறிவித்து, சான்றுமாதிரியையும் அங்கே ஒப்படைக்க வேண்டும். ஒரு பூச்சியையோ நண்டையோ பற்றியவரையில் இதில் சங்கடமில்லை. புதியனவாகக் கண்டறியப்படும் இனங்களுட் பெரும்பாலானவை முதுகெலும்பற்ற சிற்றுயிர்களே. சங்கடம் எழுவது, புகுன் பறவை போன்ற விரல்விட்டு எண்ணத்தக்க சில இனங்களிலேதான்.

அப்பறவை இன்று உலக அளவில் மிக ஆபத்தான நிலையிலுள்ள இனங்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டுள்ளது. 2017-ஆம் ஆண்டில், சிங்சுங் கிராமத்துப் புகுன் மக்கள் தங்கள் காட்டில் 17 சதுர கிலோமீட்டர் பரப்பைச் சமூகக் காப்பகமாக ஒதுக்கினர். அப்பகுதி இளைஞர்களே அங்கே காவற்பணி புரிகின்றனர்.