கோடு அடித்த வரியில் இருக்கிறார் பாட்டனார்

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தவன், நெதர்லாந்தில் வசிக்கிறேன். மனைவி டச்சுக்காரர். மகளுக்காக இரு பக்க வம்சாவளியையும் எழுதிவைக்க ஆசை. என் பக்கத்தைப் பெரியம்மாவே ஒரு பின்னேரத்தில் ஒப்பித்துவிட்டார். மனைவி பக்கம்தான் இழுபறி. அவருடைய தாத்தாவின் தாத்தா லைடன் நகரத்தில் நெசவாலைத் தொழிலாளியாம். 1869 குடிசன மதிப்பீட்டில் அவர் வீட்டாரைத் தேடித் தேடி அலுத்துவிட்டது. எங்கே கிடைக்கும்?

பதில்: 1869 மதிப்பீட்டைத் தேடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். நெதர்லாந்தில் 1971 வரை ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை தலை எண்ணினார்கள்தான். ஆனால் மொத்தக் கணக்கை அச்சிட்டார்களே தவிர, வீடு வீடாக எழுதிய தாள்களைப் பெரும்பாலும் பேணிவைக்கவில்லை. இங்கிலாந்துக் கணக்கெடுப்பைப் பார்த்துப் பழகியவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

நீங்கள் பார்க்க வேண்டியது ‘பெஃபோல்கிங்ஸ்ரெகிஸ்டர்’ எனப்படும் குடிமக்கள் பதிவேடு. உங்கள் ஊர்க் காணி உறுதிகளில் ‘தோம்பு’ என்ற சொல்லைக் கண்டிருப்பீர்கள். போர்த்துக்கேயர் தொடங்கி டச்சுக்காரர் புதுப்பித்த ஏடு அது. குடிமக்கள் பதிவேடோ டச்சுக்காரர் தம் சொந்த நாட்டில், சொந்த மக்களுக்கு எழுதிய ஏடு. 1849 நவம்பரில் எடுத்த கணக்கை அடிப்படையாக வைத்து, 1850 ஜனவரி 1 முதல் நகராட்சிகள் இதை எழுதத் தொடங்கின. குடிசன மதிப்பீடு ஒரு நாளோடு முடிந்துவிடும். இந்த ஏடு அன்றாடம் வளரும். பிறந்தால் ஒரு வரி, குடிவந்தால் ஒரு வரி. இறந்தாலும் ஊரைவிட்டுப் போனாலும் அந்த வரிமேல் ஒரு கோடு.

ஒரு பக்கத்தை விரித்துப் பாருங்கள். மேலே குடும்பத் தலைவர். அடுத்து மனைவி, பிள்ளைகள், கூட இருந்த மாமியார். ஒவ்வொருவருக்கும் பிறந்த நாள், பிறந்த ஊர், தொழில், மதம், எங்கிருந்து வந்தார், எந்த நாளில் எங்கே போனார் என்று கட்டங்கள். புதியவர்கள் கோடு அடித்த பெயரை ரத்தான பதிவென்று நினைத்துத் தாண்டிப்போவார்கள். நீங்கள் நிற்க வேண்டியது அங்கேதான். அந்த வரியில் போன ஊரும் தேதியும் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு அந்த ஊர் ஏட்டைத் திறந்தால், சில நாள் முன்பின்னாக, ‘லைடனிலிருந்து’ என்று மனிதர் வந்து நிற்பார்.

சில இடறல்களுக்கு இப்போதே தயாராகிக்கொள்ளுங்கள். வீட்டு எண் மாறியிருந்தால் உடனே வீடு மாறினார் என்று எழுதிவிடாதீர்கள். நகராட்சிகள் எண்களையே மாற்றியதுண்டு. வேலைக்காரியாகப் போன மகள் குடும்பப் பக்கத்தில் இல்லையென்றால், பல ஊர்களில் பணியாளருக்கென்றே தனி ஏடு உண்டு. மணமான பெண்ணைப் பிறந்த வீட்டுப் பெயரில் தேடுங்கள். ‘ஃபான் டைக்’ என்ற குடும்பம் ‘டைக்’ என்பதன் கீழ்தான் அகரவரிசையில் இருக்கும்.

1900-ஐ ஒட்டிய பத்தாண்டுகளில் ஊருக்கு ஊர் வெவ்வேறு காலத்தில் ஏடுகள் போய்க் குடும்ப அட்டைகள் வந்தன. 1939-40இல் ஆளுக்கு ஓர் அட்டை. எல்லாவற்றையும் எழுதிவைக்கும் இந்தப் பழக்கத்துக்குக் கொடுத்த விலையும் பெரிது. இரண்டாம் உலகப் போரில் நாட்டைப் பிடித்திருந்த ஜெர்மானியருக்கு, மதக் கட்டத்தைப் பார்த்து யூதர்களைப் பிடிப்பது எளிதாயிற்று. 1943 மார்ச் 27 அன்று எதிர்ப்பியக்கத்தினர் ஆம்ஸ்டர்டாம் பதிவகத்துக்குத் தீ வைத்தது அதனால்தான். 1940க்கும் 1994க்கும் இடையில் இறந்தவர்களின் அட்டை நகலைத் தி ஹேக் நகரிலுள்ள குடும்ப வரலாற்று மையத்தில் கட்டணம் செலுத்தி வாங்கலாம்.

மனைவியின் தாத்தா அந்த ஆண்டுகளில் இறந்தவர் என்றால் அந்த அட்டையிலிருந்தே தொடங்குங்கள். அதில் அவருடைய பெற்றோர் பெயர் கிடைக்கும். பிறகு ‘வீ வாஸ் வீ’, ‘ஓப்பன் ஆர்ஹீஃபன்’ தளங்களில் திருமணப் பதிவுகளைப் பிடித்துத் தலைமுறை தலைமுறையாகப் பின்னே போங்கள். பிறப்புப் பதிவு 100 ஆண்டு, திருமணம் 75, இறப்பு 50 கடந்தால் யாரும் பார்க்கலாம். லைடனை எட்டியதும் பதிவேட்டைத் திறங்கள். தேதி முரண்பட்டால் பிறப்புப் பதிவையே நம்புங்கள். பதிவேடு எழுத்தர் படியெடுத்தது.

கடைசியாக ஒன்று. அந்த நெசவாலைக்காரரின் திருமணப் பதிவோடு நிற்காமல், அதோடு கட்டிவைத்த இணைப்புத் தாள்களையும் கேளுங்கள். மணமகன் படைச் சேவைக் கடமையை முடித்ததற்கான சான்று அதில் இருக்கும். அக்காலச் சான்றுகளில் பெரும்பாலும் உயரம், கண்ணின் நிறம், மூக்கு, மோவாய் வரை குறித்திருப்பார்கள். ஒரு நிழற்படமும் இல்லாத வீட்டில், உங்கள் மகளின் மூக்கு யாருடையது என்று அந்தத் தாள் சொன்னாலும் சொல்லும்.