அருகில் சென்று எடுத்த படம்

முகம் அறியாதவரை அஞ்சுவது எளிது. அந்த அச்சத்தைப் போக்கப் புகைப்படம் உதவுமா?

2007ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுக் கலைஞர் ஜே.ஆர்., தம் நண்பர் மார்க்கோவுடன் சேர்ந்து இஸ்ரேலியரையும் பலஸ்தீனரையும் படம் பிடித்தார். அங்கொரு வாடகைக் கார்ச் சாரதி, இங்கொரு வாடகைக் கார்ச் சாரதி என ஒரே தொழில் செய்வோரின் முகங்களைப் பேருருவாக அச்சிட்டு, இரு நாட்டாரையும் பிரிக்கும் சுவரின் இருபுறமும் அருகருகே ஒட்டினார். யூத குரு, இமாம், கிறிஸ்தவ குரு ஆகிய மூவரும் வேடிக்கையாக முகம் காட்டியிருந்தனர். 'இவர்களுள் யார் எந்தத் தரப்பினர்?' என்று கேட்டபோது, பார்த்தவர்களிற் பலரால் விடை கூற முடியவில்லை.

இதில் நாம் கற்பது யாது? அவர் கையாண்டது 28 மில்லிமீற்றர் வில்லை. அதில் முகம் நிறைந்து விழ வேண்டுமானால் கைக்கெட்டும் தூரத்திற்கு நெருங்க வேண்டும். தொலைவில் நின்று களவாக எடுக்க இயலாது. மறுதரப்பாரின் படத்தருகே ஒட்டப்படும் என்பதைச் சொல்லி, இசைவு பெற வேண்டும். ஆகவே நம்பிக்கை, படத்தைக் கண்டபின் அன்று, எடுக்குமுன்பே தொடங்குகிறது.

அப்படங்கள் சுவரை வீழ்த்தவில்லை. பின்னரும் கொடிய போர்கள் மூண்டன. ஆயினும் மறுதரப்பாரோடு அருகருகே நிற்க இசைந்தோர் இருபுறமும் இருந்தனர் என்பதற்கு அவை சாட்சி.

கமரா ஏந்தும் இளைஞரே, முதலில் பெயரைக் கேளுங்கள். பின்பு படத்தைக் கேளுங்கள். பிரதியொன்றை அவரிடமே கொடுங்கள்.