'ரெட் ஹெர்ரிங்': மறைப்பது வேறு, திசைதிருப்புவது வேறு

'ரெட் ஹெர்ரிங்' என்ற ஆங்கில மரபுத்தொடருக்குக் 'கவனத்தைத் திசைதிருப்புவது' என்று கரும்பலகையில் பொருள் எழுதினால் மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுவர். அதை எங்கே பயன்படுத்துவது என்று கேட்டால் விழிப்பர். ஸ்ரீரங்கத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் எனக்கு இத்தொடரை விளக்க ஊர் வரலாறே கைகொடுக்கிறது.

சொல் வந்த வழி

ஹெர்ரிங் ஒரு கடல்மீன். அதை உப்பிட்டுப் புகையில் வாட்டினால் செம்பழுப்பு நிறமும் கடும் வாடையும் பெறும். இங்கிலாந்து இதழாளர் வில்லியம் காபெட் 1807இல் தம் இதழில் ஒரு கதை எழுதினார். சிறுவயதில் முயலைத் துரத்திய வேட்டைநாய்களை இந்த மீனின் வாடையால் வேறு பக்கம் இழுத்ததாகச் சொல்லி, பொய்ச்செய்தியின் பின்னே ஓடிய பத்திரிகைகளை அந்த நாய்களோடு ஒப்பிட்டார். தொடர் இன்றைய பொருளில் பரவ இக்கதையே காரணம் என்பது சொல்லாய்வாளர் கருத்து.

திருவரங்கத்து எடுத்துக்காட்டு

1323ஆம் ஆண்டளவில் தில்லி சுல்தானியப் படை திருவரங்கத்தை நெருங்கியது. அப்போது மூலவரை மறைத்துச் சுவர் எழுப்பி, அதன் முன்னே வேறொரு திருமேனியை வைத்துவிட்டு, உற்சவரான நம்பெருமாளைப் பிள்ளை லோகாச்சாரியார் குழுவினர் தெற்கே எடுத்துச் சென்றனர் என்பது வைணவ மரபு. பல ஊர்களில் தங்கிய நம்பெருமாள் 1371இல்தான் திருவரங்கம் திரும்பினார்.

இதைச் சொல்லி முடித்ததும், "இதில் எது ரெட் ஹெர்ரிங்?" என்று கேட்பேன். பலரும் "சுவர்" என்பார்கள். சுவர் மறைக்கிறது, அவ்வளவுதான். முன்னே வைத்த திருமேனிதான் பார்ப்பவர் கவனத்தைத் தன்பால் இழுத்து, தேடலை அங்கேயே முடித்துவைக்கிறது. எனவே அதுவே ரெட் ஹெர்ரிங். இந்த வேறுபாடு பிடிபட்டால் தொடர் முழுவதும் பிடிபடும். தமிழில் 'போக்குக் காட்டுதல்' இதற்கு நெருங்கிய வழக்கு.

பயன்பாடு

துப்பறியும் கதையில் குற்றமற்றவர்மேல் ஐயம் விழச்செய்யும் தடயம் ரெட் ஹெர்ரிங். விவாதத்தில், கேட்ட கேள்வியை விட்டு வேறொன்றைப் பேசுவதும் அதுவே. "குடிநீர்க் குழாய் ஏன் பழுதாகவே இருக்கிறது?" என்று கேட்டால், "போன ஆண்டு கபடியில் கோப்பை வாங்கினோமே!" என்பது பதிலாகாது. கோப்பை வாங்கியது உண்மை. ஆனால் கேள்விக்குத் தொடர்பில்லை. கொட்டைப்பாக்குக்கு விலை கேட்டால் பட்டணத்துக்கு வழி சொல்லும் கதைதான். ஆங்கிலத்தில் "தட் இஸ் எ ரெட் ஹெர்ரிங்" என்று பெயர்ச்சொல்லாக வரும்.

நாளிதழ் விளம்பரங்களில் வரும் 'ரெட் ஹெர்ரிங் பிராஸ்பெக்டஸ்' வேறு. பங்கின் விலையோ எண்ணிக்கையோ முழுமையாகக் குறிக்கப்படாத வெளியீட்டு அறிக்கை அது; 2013ஆம் ஆண்டு நிறுமங்கள் சட்டத்திலும் அப்பெயர் உண்டு. அட்டையில் சிவப்பு மையில் அச்சிட்ட எச்சரிக்கையால் வந்த பெயர் என்பர். ஏமாற்று என்ற பொருள் அங்கு இல்லை.

வகுப்பறைச் செயல்பாடு

தொடக்க வகுப்புகளிலும் இதைப் பழக்கலாம். "236 அடி உயர ராஜகோபுரத்தின் அருகே ஒரு கடையில் டஜன் வாழைப்பழம் 60 ரூபாய். 5 பழம் என்ன விலை?" விடை 25 ரூபாய். சில குழந்தைகள் 236ஐயும் கணக்கில் சேர்ப்பர். எந்த எண் தேவையில்லை என்று அவர்களையே அடிக்கோடிடச் சொல்லுங்கள். உயர்வகுப்பினர் ஒரு விவாதத்தைக் கேட்டு, பேச்சு எந்த இடத்தில் தடம் மாறியது என்று குறிக்கலாம்.

ஒரு செய்தியைக் கேட்டதும் "இது உண்மையா?" என்று கேட்கப் பழக்குகிறோம். ரெட் ஹெர்ரிங் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அதனால்தான் அது எளிதில் ஏமாற்றுகிறது. "கேட்ட கேள்விக்கு இது தொடர்புடையதா?" என்ற இரண்டாவது கேள்வியையும் நம் மாணவர்கள் கேட்கப் பழகட்டும்.