பாதியில் நிற்கும் ஒட்டுப்போர்வையை முடிக்க

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிற பெண்கள் பலர் வீட்டில் ஒரு மூட்டை இருக்கும். கட்டிங் டேபிளில் மிஞ்சிய பிட்டுத்துணி, ரிஜெக்‌ஷன் ஆன டீ சர்ட், பிள்ளையின் பழைய பனியன். அதற்குள்ளேயே வருஷக்கணக்காகப் பாதி தைத்த போர்வை ஒன்றும் கிடக்கும். ஆயுசில் பாதியை ஓவர்லாக் மெஷின் முன்னால் கழித்தவள் நான். தையல் பழக வந்திருக்கும் அம்மிணிகளுக்கும் தம்பிகளுக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. முதலில், புதுத் துண்டு சேர்ப்பதை நிறுத்துங்கள். நம் ஊரில் போர்வை முடியாமல் கிடப்பதற்குச் சோம்பல் காரணமில்லை. துணி தீர்வதே இல்லை. வேறு ஊரில் கையிருப்பு தீர்ந்ததும் வேலை முடிந்துவிடும். இங்கே அடுத்த ஆர்டரில் இன்னும் நல்ல கலர் வரும். பனியன் துணிக் கடைகள் நிறைந்த காதர்பேட்டைக்குப் போனால் ஆசை இன்னும் கூடும். அதனால் அளவை இன்றே முடிவு செய்து, தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள். ஒரு ஆளுக்கு 5 அடிக்கு 7 அடி தாராளம். 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம்) துணியில் அந்த அளவுக்கு மேல் அடுக்கு மட்டுமே அரைக் கிலோவைத் தாண்டும். அதைவிடப் பெரிதாக்கினால் வீட்டு மெஷினில் திருப்ப முடியாமல் மறுபடியும் மூட்டைக்குள் போய்விடும்.

2. பழைய தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். நூல் இற்றுப்போன வரியை மட்டும் திரும்ப ஓட்டுங்கள். லைக்ரா கலந்த துண்டு பல வருஷம் கிடந்தால் இழுவை போய்த் தொளதொளத்திருக்கும், அதைக் கழித்துவிடலாம். மற்றபடி எதையும் பிரிக்காதீர்கள். கோணல் இருந்தால் இருக்கட்டும். பிரிக்க உட்கார்ந்தவர்கள் முடித்து நான் பார்த்ததில்லை.

3. துவைக்காத துண்டைச் சேர்க்காதீர்கள். பருத்திப் பனியன் துணி முதல் துவைப்பில் சுருங்கும். ஏற்கெனவே சுருங்கியதோடு சுருங்காததை இணைத்தால் போர்வை முழுக்கச் சுருக்கம் விழும். அடர்சிவப்பையும் கருப்பையும் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள்.

4. புதியவர்கள் கோட்டை விடுவது இங்கேதான், கவனமாகப் படியுங்கள். பனியன் துணி அகலவாட்டில் அதிகம் இழுபடும், நீளவாட்டில் குறைவு. எல்லாத் துண்டும் ஒரே வாட்டத்தில் இருக்கட்டும். பனியன் துணியில் இன்டர்லாக் வகை வெட்டினாலும் படிந்து நிற்கும். சிங்கிள் ஜெர்சி வகை வெட்டிய உடனே ஓரம் சுருளும். சுருளைக் கையால் பிரித்தபடியே தைப்பது வீண் பாடு. லேசாகக் கஞ்சி தெளித்து இஸ்திரி போட்டுவிட்டுத் தையுங்கள். கூர் ஊசி கண்ணியை அறுக்கும். துவைக்கும்போது ஓட்டை விழும். கடையில் பால் பாயிண்ட் ஊசி என்று கேட்டு வாங்குங்கள். தைக்கும்போது துணியை இழுக்கவே கூடாது, இழுத்தால் தையல் அலை அலையாக நிற்கும். அடி அடுக்குக்குப் பழைய வேட்டியோ பருத்திப் புடவையோ போடுங்கள். நெசவுத் துணி அடியில் இருந்து பிடித்துக்கொள்வதால் கொடியில் காயப்போட்டாலும் போர்வை தொங்கி நீளாது.

5. அடுக்குகளைச் சேர்க்க முழுக்கத் தையல் ஓட்ட வேண்டியதில்லை. சாணுக்கு ஒன்றாகக் கெட்டி நூலில் முடிச்சுப் போட்டால் போதும்.

6. ஓரம்தான் முடிவு. வட கர்நாடகத்தில் யல்லாப்பூர், ஹளியால் பக்கம் சித்தி இனப் பெண்கள் பழந்துணியில் ‘கவந்த்’ என்ற போர்வை தைக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்தவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். கடைசியில் மூலைக்கு மூலை முக்கோணத் துண்டுகளை அடுக்கி ‘பூல’ வைப்பார்கள், அதாவது பூ. அது இல்லாத போர்வையை அவர்கள் முடிந்ததாகவே நினைப்பதில்லை. நீங்கள் பூ வைக்காவிட்டாலும் பரவாயில்லை, ஓரத்துக்கு ரிப் பட்டையை மடித்து அடியுங்கள். ஒரு மூலையில் உங்கள் பெயரையும், தொடங்கிய வருஷம், முடித்த வருஷம் இரண்டையும் நூலால் எழுதுங்கள்.

7. மீந்த துண்டுகளை அடுத்த போர்வைக்கென்று எடுத்து வைக்காதீர்கள். சுத்தப் பருத்தியை நிறவாரியாகவும், லைக்ரா கலந்ததைத் தனியாகவும் கட்டி வேஸ்ட் வியாபாரியிடம் போடுங்கள். கழிவுப்பஞ்சு மில்களில் அதைக் கிழித்துப் பஞ்சாக்கி மறுபடி நூல் நூற்கிறார்கள். நிறம் பிரித்துக் கொடுத்தால் அந்த நூலுக்குச் சாயம் ஏற்ற வேண்டியதில்லை.